சாயந்திரம் வந்துடறேன்

அமைச்சகத்தில் கார் ஓட்டுகிறவனுக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. வண்டிப் பிரிவு சூப்பர்வைசர் முதல் நாள் சாவியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தான் கொடுப்பார். எல்லாரும் பலமாகத் தலையாட்டுவார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். இந்த டிரைவர் ஒருத்தர்தான் மறக்கவில்லை. அதனால் இவருக்குப் பூட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் இவருடைய சொந்தப் பேர் புழங்கியதாகத் தெரியவில்லை.

போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு அமைச்சகம் என்று வாசல் பலகையில் இருக்கும். நாட்டில் ஓடுவது, மிதப்பது, மணியடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாலமோ, பஸ்ஸோ, தபால்பெட்டியோ, டெலிபோன் கம்பமோ, எதுவானாலும் நாலாவது மாடியில் கூட்டம் போட்டு முடிவெடுப்பதாகப் பத்திரிகைகளில் வரும். சுத்தப் பொய். முடிவெல்லாம் காரின் பின்சீட்டிலேயே ஆகிவிடும். மாடிக்குப் போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவதுதான் பாக்கி. எந்த ஊருக்குப் பாலம் வரும், எந்த ஊருக்குப் பஸ் நிற்கும், எந்த அதிகாரியின் தலை உருளும் என்பதெல்லாம் பூட்டுக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் வழியாக ஒரு வார்த்தை வெளியே போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ரிடையர்மென்ட்.

திங்கட்கிழமை காலையிலும் வழக்கம்போல முதல் ஆளாக ஷெட்டுக்கு வந்து, வாளியில் தண்ணீர் பிடித்து, காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழை வரும்போல இருந்தது. மழை வரும் நாளில் எவனாவது கார் கழுவுவானா என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். பூட்டு கழுவுவார். கூரையிலிருந்து ஆரம்பித்து, கண்ணாடி, கதவு, கடைசியில் சக்கரம். பின்சீட்டின் வெள்ளை உறையைக் கழற்றி உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டுவார். டிரைவர் வேலையில் ஓட்டுவது கால்வாசி, காத்திருப்பது முக்கால்வாசி. காத்திருக்கிற நேரத்தில் துணியும் கையுமாக இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆனால் ரேடியோவை எந்தத் துணியாலும் தடுக்க முடியாது. ரேடியோ என்பவர் இவரைவிட நாலைந்து வயது இளைய டிரைவர். வாய் மூடாது. அதிகாரிகளைப் பற்றிய சமாச்சாரத்தை அவர் பரப்பிவிடுவார் என்று பயந்து, அவரைத் தபால்பை ஏற்றும் வேனுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். பைகளிடமும் பேசுவார் என்று கேள்வி.

மத்தியானம் டிரைவர்கள் அறையில் டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே, இன்னிக்கு அண்ணி என்ன கட்டிக் குடுத்தாங்க?"

"உருளைக்கிழங்கு வறுவல். முட்டை."

"அந்த நடு டப்பாவை இப்படித் தள்ளுங்க. நானும் உருளைக்கிழங்குதாண்ணே வாங்கிப் போடறேன். எங்க வீட்டுல அது அடுப்புல ஏறினதும் கூழாயிடுது. அண்ணி கையில மட்டும் எப்படி இப்படி மொறுமொறுன்னு நிக்குது?"

"மூடி போடக் கூடாது," என்றார் பூட்டு. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்படின்னு அவ சொல்லுவா."

"அதை எங்க வீட்டுல போய் நான் சொன்னா, உங்க அண்ணிகிட்டயே போய்ச் சாப்பிடுங்கன்னு கரண்டியைத் தூக்கறா. சரி விடுங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றோம்ல, நானே அண்ணிகிட்ட நேர்ல கேட்டுக்கறேன்."

பூட்டு அவசரமாக டப்பாவை மூடினார். அண்ணி அந்த வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தச் சங்கதி இந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அமைச்சகத்தில் கடைசி சவாரி என்று ஒரு வழக்கம் உண்டு. பியூனோ, செயலாளரோ, ரிடையர் ஆகிறவரை அன்று சாயந்திரம் ஆபீஸ் காரில் பின்சீட்டில் உட்காரவைத்து, கூட வேலை செய்தவர்கள் ஒன்றிரண்டு பேர் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். கழுத்தில் மாலை, மடியில் ஆபீஸ் கொடுத்த சுவர்க்கடிகாரம். வீட்டு வாசலில் பெண்டாட்டி பிள்ளைகள் நிற்பார்கள். 'இத்தனை நாள் நாங்க வெச்சிருந்தோம், இனிமே நீங்க பாத்துக்குங்க' என்று யாராவது ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்து, டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். இத்தனை வருஷத்தில் பூட்டு ஓட்டாத கடைசி சவாரி இல்லை. அழுத பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறார். 'இனிமே நாள் பூரா இந்த மனுஷனோட நான் மல்லுக்கட்டணுமா' என்று வாசலிலேயே கேட்ட பெண்டாட்டியையும் பார்த்திருக்கிறார்.

ஒரே ஒரு வீட்டில்தான் யாரும் இல்லை. அவர் ஸ்டோர் கீப்பர், தனிக்கட்டை. கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். டீ போட்டுத் தர ஆளில்லாத வீட்டில் எவ்வளவு நேரம் நிற்பது? 'பரவாயில்ல சார், நேரமாச்சு' என்று ஆளாளுக்கு நழுவினார்கள். காரைத் திருப்பும்போது பூட்டு கண்ணாடியில் பார்த்தார். அந்த மனிதர் மாலையும் கடிகாரமுமாகக் கேட்டருகில் நின்றுகொண்டே இருந்தார். கார் தெருமுனை திரும்புகிறவரைக்கும் உள்ளே போகவில்லை. அந்தக் கண்ணாடிக் காட்சி பூட்டின் மனசை விட்டுப் போகவே இல்லை.

அவள் போனதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் நகரத்தைச் சுற்றிப் புறவழிச்சாலை போட ஏற்பாடு நடந்தது. எந்தப் பக்கமாகப் போவது என்பது, துறைமுகத்துக்குப் போகும் வழியில், இவருடைய காரின் பின்சீட்டில்தான் முடிவாயிற்று. ஒரு அதிகாரி வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு விரலால் கோடு இழுத்தார். 'இந்த வரிசை வீடுங்க போயிடும், வேற வழியில்ல' என்றார். அந்த வரிசையில்தான் இவருடைய மாமியார் வீடும் இருந்தது. பூட்டு கியரை மாற்றினார், வண்டி போயிற்று.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே உத்தியோகம். 'இன்னிக்கு என்ன விசேஷம்' என்று அவள் தினமும் கேட்பாள், 'ஒண்ணுமில்ல' என்று தினமும் சொல்வார். அன்றைக்கும் அதையேதான் சொன்னார். அடுத்த மாதம் மாமியார் சமையலறைக்குப் புது ஓடு போட்டாள். பழைய ஓடு ஒழுகி அடுப்பெல்லாம் நனைகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தவள். ஞாயிற்றுக்கிழமை இவர்தான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொடுத்தார். 'மாப்பிள்ளை கைராசி, இனிமே என் காலம் முடியற வரைக்கும் ஒழுகாது' என்றாள் மாமியார். அதற்கும் இவர் வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்துச் சர்வே ஆட்கள் வந்து அந்தப் புது ஓட்டுக்குக் கீழே, சுவரில், சிவப்புப் பெயின்ட்டால் எண் எழுதினார்கள். அன்று ராத்திரி அவள் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவருக்கு எதையும் மறைக்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. "தெரியும்," என்றார்.

அவள் கத்தவில்லை. இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, இனி வாடகை வீடு தேட வேண்டிய அம்மாவிடமும் அண்ணனிடமும் போய்விட்டாள். 'தையல் மெஷினை அப்புறமா எடுத்துக்கறேன்' என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸில் என்னவென்று சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், அதிகாரி பின்சீட்டில் பேசியதைச் சொல்ல வேண்டிவரும். அதனால் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் சாப்பாட்டு டப்பா திறந்தால் தெரிந்துவிடுமே! முதல் வாரம் கருகியும் வேகாமலும் கொண்டுவந்து, 'அவளுக்குக் காய்ச்சல்' என்றார். பிறகு ராத்திரி ராத்திரியாக அடுப்போடு முட்டி மோதினார். ஒரு வருஷத்தில் டிரைவர்கள் அறையே அவருடைய டப்பாவுக்குக் காத்திருக்கிற நிலைமை வந்தது. பாராட்டெல்லாம் அண்ணிக்குப் போயிற்று.

நடுவில் ஒருதரம் அவள் போன் செய்தாள். போய் நாலைந்து மாதம் ஆகியிருக்கும். நல்ல மழை. வெளியே ஒரு வண்டியும் போகவில்லை, எல்லா டிரைவர்களும் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். சுவரில் இருந்த போன் அடித்தது. ரேடியோ பாய்ந்து எடுத்தார்.

"அண்ணே, டெலிபோன் அக்கா பேசறாங்க. அண்ணி லைன்ல இருக்காங்களாம்!"

அறை முழுக்கச் சிரிப்பு. 'மழையில புருஷன் நெனப்பு வந்துடுச்சுடா' என்று ஒருவன் ராகம் போட்டான். இத்தனை பேர் காதுக்கு நடுவே அந்தப் போனை எடுத்து அவளிடம் என்ன பேசுவது? குரல் ஒரு இடத்தில் உடைந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பூட்டு எழுந்திருக்கவே இல்லை. எல்லாப் புருஷன்மாரும் சொல்கிற தோரணையில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"சாயந்திரம் வந்துடறேன்னு சொல்லச் சொல்லுப்பா."

ரேடியோ அதை அக்காவிடம் சொன்னார். ஆபரேட்டர் அக்கா அதை லைனில் அவளிடம் சொன்னார். அதோடு முடிந்தது. மெஷினைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று பூட்டு நினைத்துக்கொண்டார். மறுநாள் முதல் வேலையாக ஒரு லோடு வண்டி பிடித்து, மெஷினைச் சாக்கில் சுற்றி, மழை படாமல் தார்ப்பாய் போட்டுக் கட்டி அனுப்பிவைத்தார். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வரைக்கும் யோசித்துப் பார்த்தார், வேறு வழி தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு எல்லாரும் போனபிறகு டெலிபோன் அறைக்குப் போனார். அக்கா காதுக்கருவியைக் கழுத்தில் இறக்கிவிட்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. இந்தக் கட்டிடத்தில் அவர் குரல் தெரியாதவர்கள் கிடையாது, முகம் தெரிந்தவர்கள்தான் குறைச்சல்.

"அட, பூட்டு! நீங்க இந்தப் படி ஏறி நான் பாத்ததே இல்லையே."

"ஒரு நம்பர் வேணுங்கக்கா."

"சொல்லுங்க."

சொன்னார். எங்கும் பார்க்காமலே சொன்னார். புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு தையல் கடைப் பலகையில் அந்த நம்பர் இருந்தது. துறைமுகம் போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவார். பின்சீட்டில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாளும் நிறுத்த முடிந்ததில்லை. வீட்டுப் போனில் கூப்பிடலாமென்றால், இவர் வீட்டுக்குப் போகிற நேரத்துக்குக் கடை மூடியிருக்கும் என்று நினைத்தார்.

"அந்த மூலை போன்ல எடுங்க. நான் கேக்க மாட்டேன்," என்று அக்கா பின்னலுக்குத் திரும்பினார்.

"ஹலோ, தையல் கடை."

"நான்தான்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"சொல்லுங்க."

"நல்லா இருக்கியா?"

"இதைக் கேக்கவா போன் பண்ணீங்க?"

"நாளைக்கு ரிடையர் ஆறேன்."

"அப்படியா. உங்களுக்கும் வயசாயிடுச்சா."

"கார்ல கொண்டுவந்து விடுவாங்க. ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. ஒரு மணி நேரம்தான். நீ வந்து வாசல்ல நின்னா..."

"எதுக்கு நிக்கணும்?"

அவர் மென்று விழுங்கினார். "நீ போனது அவங்களுக்குத் தெரியாது."

"ஒன்பது வருஷமாவா?"

"ம்."

"ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல?"

"இல்ல."

"அப்ப சோத்துக்கு என்ன பண்றீங்க? ஆள் யாராவது...?"

"ஆளெல்லாம் இல்ல. நானே ஆக்கிக்கறேன். நீ ஆக்கினதுன்னு ஆபீஸ்ல சொல்லிக்குவேன்."

லைன் போய்விட்டதோ என்று அவர் இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

"இருக்கேன்," என்றாள். "நல்லா இருக்காமா சாப்பாடு?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"பரவாயில்ல, உக்காந்த இடத்துலயே எனக்கு நல்ல பேரு." சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வர மாட்டேங்க. நாளைக்குன்னு இல்ல, என்னைக்குமே அந்த வாசல்ல வந்து வேஷத்துக்கு நிக்க மாட்டேன். அன்னிக்கு நான் கூப்பிட்டப்ப வந்திருந்தீங்கன்னா, இன்னிக்கு நீங்க ஆள் தேட வேண்டியதில்ல."

"எப்ப கூப்பிட்டே?"

"நல்லா இருக்கே! மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய் மளிகைக் கடையிலிருந்து போன் பண்ணேன். சாயந்திரம் வந்துடறேன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பெட்டியைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாப்பிடுன்னு எங்கம்மா எத்தனை தரம் கூப்பிட்டாங்க தெரியுமா? வேணாம்மா, அவரு வந்துடுவாரு, வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்னுட்டேன். விளக்கை அணைக்கவே விடல நான். மறுநாள் காலையில லோடு வண்டி வந்து நிக்குது. மெஷினை இறக்கி வெச்சுட்டுப் போறான். தார்ப்பாய் எல்லாம் போட்டு, ஒரு பொட்டு நனையாம, அவ்வளவு பத்திரமா அனுப்பியிருக்கீங்க."

"நீ மெஷினுக்குத்தான் கூப்பிட்டேன்னு..."

"மெஷினுக்கு யாராவது அந்த மழையில போவாங்களா?" என்றாள். "சரி, சட்டை வாங்க ஆள் வந்திருக்காங்க. வெக்கறேன்."

பூட்டு போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு அறை நிறைய ஆட்களுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு வாழ்க்கையைக் கொண்டுபோய்விட்டது. அக்கா திரும்பிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூட்டம் நடந்தது. துணைச் செயலாளர் பேசினார். "இத்தனை வருஷம் இவர் கார்ல போயிருக்கேன், இவர் வாயைத் திறந்து நான் பாத்ததில்ல. இவர் நம்ம அமைச்சகத்தோட சொத்து," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பூட்டு கும்பிட்டார், உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

அன்றைக்கும் காலையில் அந்தக் காரை அவர்தான் துடைத்திருந்தார். இப்போது ரேடியோ ஓட்ட, இவர் பின்சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் டெலிபோன் அக்கா. பின்சீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. ரேடியோ கிளட்ச்சை அரைகுறையாக மிதிப்பது கால்வரைக்கும் உறைத்தது. லேசாகத் தூறல் போட்டது.

"பாத்தீங்களாண்ணே, கடைசியில உங்களையே நான் ஓட்டற மாதிரி ஆயிடுச்சு! அண்ணி டீயோட என்ன குடுப்பாங்க? மத்தியானம் நான் சரியா சாப்பிடல, சொல்லிட்டேன். நாற்சந்தியில இடது பக்கம்தானே?"

நாற்சந்தி வந்தது. இடது பக்கம் போனால் வீடு. மாலையோடும் கடிகாரத்தோடும் கேட்டருகில் நின்ற ஸ்டோர் கீப்பர் அவர் கண்முன் வந்து போனார்.

"நேராப் போப்பா," என்றார்.

"நேராப் போனா புறவழிச்சாலைண்ணே."

"ஆமா. அங்கதான்."

"வீடு மாத்திட்டீங்களா? சொல்லவே இல்ல."

"வீடு மாறல. வீட்டுல யாரும் இல்ல. அவ போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

ரேடியோ காரை ஓரமாக நிறுத்திவிட்டார். வைப்பர் மட்டும் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. பூட்டு சொன்னார். வரைபடம், ஓடு, ஏணி, சிவப்புப் பெயின்ட், மழை நாள் போன், மெஷின் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். அவ்வளவு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை.

"அப்ப அந்த உருளைக்கிழங்கு?" என்றார் ரேடியோ.

"நான்தான்."

"அடப்பாவி மனுஷா. அண்ணி மாதிரி ஆக்கு, அண்ணி மாதிரி ஆக்குன்னு என் பொண்டாட்டி உயிரை வாங்கினேனே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாயந்திரம் வந்துடறாராம்னு நான்தானேண்ணே போன்ல சொன்னேன்."

"நீ என்கிட்ட சொன்னே. நான் அந்தம்மாகிட்ட சொன்னேன்," என்றார் அக்கா. "'ரொம்ப நன்றிக்கா'ன்னு சொல்லிச்சு. அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கு. வண்டியை எடுப்பா."

புறவழிச்சாலையில் ஓரிடத்தில் ரேடியோவின் தோளைத் தொட்டு, "இங்க மட்டும் கொஞ்சம் மெதுவாப் போ," என்றார் பூட்டு. அங்கே ஒன்றும் இல்லை. நாலு வழித் தார்ச்சாலைதான் ஈரத்தில் பளபளத்தது. மாமியாரின் சமையலறை இருந்த இடம் அதுதான்.

தையல் கடை ஒற்றை அறை. முன்பக்கம் மெஷின், பின்பக்கம் திரைபோட்டு அடுப்பும் கட்டிலும். கார் வந்து நின்றதும் அவள் தலை நிமிர்ந்தாள். முடி முன்புறம் வெளுத்திருந்தது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். மாலையும் கையுமாக இறங்கி நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாயந்திரம் வந்துடறேன்னு சொல்லியிருந்தேன்," என்றார் அவர்.

"ரொம்ப லேட்டு."

"ஆமா."

அவள் பின்னால் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "உள்ள வாங்க, நனையாதீங்க," என்றாள்.

"நான்தாம்மா அந்த டெலிபோன்," என்றார் அக்கா.

"குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுதுக்கா."

பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டம்ளர் இரவல் வாங்கிவந்து டீ போட்டுக் கொடுத்தாள். 'இனிமே நீங்க பாத்துக்குங்க' என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோ ஊதி ஊதிக் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டுவதற்குள் காரை ஷெட்டில் விட வேண்டும் என்பது விதி. "இருந்து உங்களைக் கொண்டுபோய் விடறேண்ணே, ஷெட்டுல திட்டினா திட்டட்டும்," என்றார். பூட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு பேரும் போனார்கள்.

ஒரு கிராக்கி அவசரமாகக் கேட்டிருந்த தலையணை உறைகளை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வந்தவர்தான். காரில் வந்த வார்த்தை இங்கே வரவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதை அவளே சொன்னாள். அண்ணன் வேறு ஊருக்கு மாறிவிட்டதைச் சொன்னாள். அவர் 'ம்' என்றார்.

கடைசி உறையை மடித்து வைத்துவிட்டு அவள் எழுந்தாள். இரு என்று சொல்வாளோ என்று அவருக்கு ஒரு சபலம் இருந்தது.

"இருட்டப் போவுது. கிளம்புங்க. பாலத்தடியில பஸ் நிக்கும்," என்றாள்.

"எந்த பஸ்?"

"நாட்டுல இருக்கிற பஸ்ஸெல்லாம் ஓட்டற ஆபீஸ்ல இருந்துட்டு, என்கிட்ட கேக்கறீங்களா?"

"நான் பஸ்ல போனதே இல்லயே."

குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மாலையைப் பையில் போட்டு, கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்தார். "மார்க்கெட் பஸ்ல ஏறுங்க. மணிக்கூண்டுகிட்ட இறங்கி எதிர்ப்பக்கம் போங்க. அங்க ஆஸ்பத்திரி பஸ் வரும். அது நம்ம தெருமுனையிலயே நிக்கும்."

நம்ம தெருமுனை என்று சொன்னதை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ இருந்தப்ப அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாதே."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவை வந்தேன். எங்கம்மா போனதுக்கு அப்புறம். கோவத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். உள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. வெங்காயம் வதங்கற வாசனை தெரு வரைக்கும் வந்துச்சு. அடுப்பே பத்த வைக்கத் தெரியாத மனுஷன் வீட்டுல இவ்வளவு நல்லா யாரு சமைக்கறா?" குடையைக் கை மாற்றிக்கொண்டாள். "வேற ஒருத்தி வந்துட்டான்னு நினைச்சேன். திரும்பி வந்துட்டேன். நேத்து போன்ல நீங்க சொல்ற வரைக்கும் அப்படியேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க," என்றாள்.

பஸ்ஸில் எல்லாச் சீட்டும் நிறைந்திருந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஜனம். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. வாய்விட்டு அழுதிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அழவில்லை. மணிக்கூண்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அவள் சொன்ன பஸ்ஸில் ஏறினார். அது தெருமுனையிலேயே நின்றது.

வீட்டைத் திறந்தார். விடிகாலை டூட்டிக்குக் கூப்பிட அமைச்சகம் கொடுத்திருந்த போன் கூடத்து ஸ்டூலில் இருந்தது. விளக்கைக்கூடப் போடாமல் நம்பரைச் சுழற்றினார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள்.

"வந்துட்டேன்," என்றார்.



"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"என்ன இருக்கு?"

ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆயுசு முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகிய நாக்கு. அதை அடக்கிக்கொண்டு, இருட்டில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உருளைக்கிழங்கு இருக்கு," என்றார். "வறுக்கணும். அதை ரொம்பப் பொடிசா நறுக்கக் கூடாது, தெரியுமா? தண்ணியில போட்டு எடுத்து, ஈரம் போகத் துணியில பரத்தி வெச்சுடணும். முதல்ல எனக்கு அது தெரியல. எத்தனை நாள் கருக்கியிருக்கேன் தெரியுமா? ஒருநாள் என்னாச்சுன்னா..."

சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் போனை வைக்கவில்லை.